ஐந்தாவது கையெழுத்து

ஒப்பந்தத்தில் நான்கு கையெழுத்து விழுந்துவிட்டது. ஐந்தாவது இடம் மட்டும் காலி.

"ரெக்கார்டிங்ல யாரோட சத்தம் இருக்கோ, அவங்க எல்லாருக்கும் சம உரிமை. அது எங்க பேண்டோட சட்டம் சார்," என்றாள் பாடகி. "அக்கா போடாம பாட்டு உங்க கம்பெனிக்கு வராது."

"அக்கா என்ன வாசிச்சாங்க?" என்று கேட்டார் கம்பெனி அதிகாரி.

"பாட்டு நடுவுல டம் டம் டம்னு மூணு அடி விழுமே, அது அவங்கதான்," என்றான் கிடார்காரன்.

அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த மூன்று அடிக்காகத்தானே ஊரே அந்தப் பாட்டைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறது.

அடுத்த அரைமணியில் அக்கா வீட்டு வாசலில் நின்றார்.

"என்ன அடி மேடம் அது. எங்க கம்பெனிக்குன்னு தனியா ஒரு ஆல்பம் வாசிச்சுத் தரணும்."

"வாசிக்கிறதாவது," என்றாள் அந்த அம்மாள். "என் மாடியில குடியிருந்துக்கிட்டு இதுங்க போட்ட கூச்சல்ல மண்டை காய்ஞ்சு போய், நிறுத்துங்கடான்னு கதவை இடிச்சேன். அதையும் சேர்த்துப் பதிஞ்சுட்டு, உங்களுக்கும் பங்கு உண்டுன்னு வந்து நிக்குதுங்க."

அதிகாரி அசடு வழியப் பேனாவை நீட்டினார். அவள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசிப் பக்கம்வரை படித்தாள். அடியில் தன் கையால் ஒரு வரி சேர்த்தாள். பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

அதிகாரி அந்த வரியைப் படித்தார்.

'இந்தப் பாட்டை எங்கே போட்டாலும் சத்தத்தைக் குறைத்துத்தான் போட வேண்டும்.'