கறுப்புக் காய்க்காரி

"நாளைக்கு நீ தோத்துப் போகோணும், துசானி."

உடுப்பு மடித்தபடியே சொன்னாள் ஞானாம்பிகை. செஸ் பலகையிலிருந்து மகள் நிமிர்ந்தாள்.

"ஏனம்மா?"

"போட்டியில கடைசி ஆட்டம் லூக்காவோட. நான் வேலை செய்யிற வீட்டு முதலாளியம்மா, சிஞ்ஞோராவின்ர பேரன். அவா இன்னும் என்ர வேலை ஒப்பந்தத்தில கையெழுத்து வைக்கேல்லை. அது இல்லாட்டி வதிவிடப் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கேலாது. பிறகு இஞ்சை எப்பிடி இருக்கிறது?"

பயம் வந்தால் தாய்க்கும் புத்தி இப்படித்தான் போகும்.

"ஏலாதம்மா."

"ரெண்டாவதா நகர்த்துற கறுப்புக் காய்தானே உனக்கு? சமனாவது எடு."

"சிசிலியன் டிஃபென்ஸ் விளையாடப் போறன். அவன் நடுவில சிப்பாயை வைச்சால் நானும் அதையே திருப்பிச் செய்யமாட்டன். பக்கத்துச் சிப்பாயைக் குடுத்து அவன்ர நடுச் சிப்பாயை வாங்குவன். கறுப்பெண்டா தப்பினால் காணும் எண்டு இருக்கிறேல்லை. வெல்லத்தான் விளையாடுறது."

மறுநாள் பொலிதேயாமா நாடக அரங்குக்குக் கிட்ட ஒரு மண்டபம். லூக்கா அவளின் ராசாவை நோக்கிப் பாய்ந்தான். துசானி பதறவில்லை. சிப்பாய் போய் வெளித்த வரிசையில் கோட்டையைக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

லூக்கா சமன் கேட்டான். பின்வரிசையிலிருந்து தாய் கண்ணைக் காட்டினாள். பிள்ளை திரும்பிப் பார்க்கவேயில்லை. முப்பத்தேழாவது நகர்வில் லூக்கா தோல்வியை ஒத்துக்கொண்டு கை கொடுத்துவிட்டு அழுதுகொண்டு எழும்பினான்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் ஞானாம்பிகை கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"சிஞ்ஞோரா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. பிள்ளை விளங்காமல்..."

சிஞ்ஞோரா ஒப்பந்தத்தை எடுத்துக் கையெழுத்து வைத்து நீட்டினார்.

"போன கிழமையே தந்திருக்கோணும், மறந்துபோனன். உம்மட மகளுக்கு ஆர் பழக்கினது?"

போன உயிர் திரும்பி வந்தது ஞானாம்பிகைக்கு.

"நான்தான். ஒரு ஆட்டமும் விட்டுக் குடுக்கமாட்டன். என்னை வெல்ல அவளுக்கு நாலு வருசம் எடுத்தது."

"லூக்காவோடையும் பின்னேரத்தில நீர்தானே விளையாடுறனீர்? அவன் உம்மட்டை ஒருநாளும் தோக்கேல்லை."

ஞானாம்பிகை ஒப்பந்தத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"அவன் உமக்குப் பிள்ளை மாதிரி எண்டு எந்தநாளும் சொல்லுவீர்," என்றார் சிஞ்ஞோரா. "அப்ப அவனோட மட்டும் ஏன் வேணுமெண்டு தோத்தனீர்?"