இன்னொரு மடை

சோணையம்மாளுக்குத் தொண்டையில் புற்று. மதுரை ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சுக் கரண்டு வைக்க ஆரம்பித்த கொஞ்ச நாளில் தண்ணீர்கூட இறங்கவில்லை. உடம்பு இதற்குமேல் இளைத்தால் வைத்தியத்தை நிறுத்தவேண்டிவரும், வயிற்றில் துளையிட்டுக் குழாய் வைத்தால் அதன் வழியே கஞ்சி ஊற்றலாம் என்றார் டாக்டர்.

அவள் புருஷன் உக்கிரபாண்டிக்கு மனசு ஒப்பவில்லை. "வாய் இருக்கும்போது வயித்துல ஓட்டையா? இன்னும் நாலு நாள் பாப்பமே."

"ஒரு மடை அடைச்சுக்கிட்டா வயலைக் காயவா போடுவீக?" என்றாள் சோணையம்மாள், தேய்ந்த குரலில். "இன்னொரு மடையைத் தொறக்கச் சொல்லுங்க."

கரண்டு வைத்து முடிந்து, குழாயோடு உத்தரகோசமங்கைக்குத் திரும்பினார்கள். வேளாவேளைக்கு உக்கிரபாண்டியே கஞ்சியை வடிகட்டி ஊற்றினார்.

ஒருநாள் காலை, அவள் வாய் கொப்பளித்துத் துப்பிய கிண்ணத்தைக் கழுவ எடுத்தார். அடியில் பச்சரிசி கிடந்தது. ஒரு பிடி இருக்கும். அந்த வாய்க்குள் மாதக்கணக்கில் ஒரு பருக்கைகூடப் போனதில்லை. வீட்டில் இருப்பதும் புழுங்கலரிசி மட்டும்தான்.

சோணையம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"வாய்க்கரிசிதான். எவளுகளோ அவசரப்பட்டுப் போட்டுட்டாளுக."

அவர் கிண்ணத்தோடு கொல்லைப்பக்கம் திரும்பினார்.

"அங்கன எங்க கொண்டுபோறீக? கழுவி உலையில போடுங்க."

அன்றைக்குக் கஞ்சி கொஞ்சம் கெட்டியாக இருந்தது. குழாயில் செருகிய புனலை அவளே தூக்கிப் பிடித்துக்கொண்டாள். அவர் ஊற்றி முடித்ததும் விரலால் புனலைத் தட்டி, ஓரத்தில் ஒட்டியிருந்ததையும் உள்ளே இறக்கினாள்.