சொந்த வீட்டுக்காரி

“உன்ட பேரில வீடு இரிக்கு. சொந்த வீட்டுக்காரருக்கு உதவிப்பணம் இல்ல, புள்ள. அதுதான் சட்டம்” என்று யசோதினியின் விண்ணப்பத்தைத் திருப்பித் தள்ளினார் அலுவலர் பேரின்பநாயகம்.

யசோதினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த கிழமை பல்கலைக்கழகம் தொடங்குகிறது. கையில் பஸ் காசுகூட இல்லை.

“சேர், அது எனக்குச் சீதனமெண்டு அப்பா தோணிய வித்துக் கட்டத் தொடங்கினது. பாதியில நிக்கிது. கூரையும் இல்ல, தென்னோலைக் கிடுகுதான் போட்டிரிக்கம்.”

“கிடுகு போட்டாலும் வீடு வீடுதான்.”

“மழை பெய்தா அம்மா குடை பிடிச்சுத்தான் சோறாக்கிறா!”

“நாலு சுவர் இரிக்குதானே? ஊரில எத்தின புள்ளையளுக்கு அதுவும் இல்ல, தெரியுமா?”

வரிசையில் நின்றவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

“ஒருக்கா வந்து பாத்திட்டுச் சொல்லுங்க.”

“பாக்கத் தேவையில்ல. வீட்டு உறுதிப் பத்திரத்தில உன்ட பேர் இரிக்கு, அது காணும்.”

“ஓம், உங்களுக்குப் பாக்கத் தேவையில்லதான்!” அவள் குரல் அந்த அலுவலகத்தையே நிமிர வைத்தது. “போன ஆவணியிலயே பாத்திட்டீங்கதானே, மாமா! உங்கட மகனுக்கு என்னைச் சம்பந்தம் பேச வந்து, படலையடியில நிண்டு, ‘இதெல்லாம் ஒரு வீடா, மாட்டுக் கொட்டில்’ எண்டு சொல்லித் தேத்தண்ணியும் குடிக்காமத் திரும்பிப் போனீங்களே!”

பேரின்பநாயகத்தின் முகம் வெளிறியது.

யசோதினி விண்ணப்பத்தை அவர் முன்னால் அறைந்து வைத்தாள்.

“அண்டைக்குச் சொன்னதை இதில எழுதிக் கையெழுத்தைப் போடுங்க!”