உப்புப் பாட்டு

“என்னைப் பற்றிப் பாட மாட்டினம் எண்டு சொல்லித்தானே என்னைக் கூட்டிக்கொண்டு வந்தனீ?”

சுக்கொரீனா, யோசெப்பினின் கையை இறுக்கிப் பிடித்தாள். பிடித்த பிடியில் வளையல் தோலில் பதிந்தது.

யோசெப்பின் மண்டபத்து மேடைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு பேருக்கும் மொன்றியல் நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரே மாடிக் கட்டடம். யோசெப்பின் மன்னார், சுக்கொரீனா கோவா. ஒரே கோயில், ஒரே பூசை. கதைக்கிறது அரைகுறை இங்கிலீசில், சிநேகிதம் மட்டும் முழுசு.

கோவாக்காரருக்கு ஒரு வழக்கம் உண்டு. அவர்களுடைய நாடகத்தில் காட்சிக்குக் காட்சி நடுவே திரையை இழுத்துவிட்டு ஒருவர் வந்து பாடுவார். நாடகத்துக்கும் பாட்டுக்கும் சம்பந்தம் இருக்காது. அந்த வருசம் யார் யார் என்ன கூத்தடித்தார்களோ, அதுதான் பாட்டு. மந்திரியென்றாலும் சரி, கோயில் சுவாமியென்றாலும் சரி, தப்ப வழியில்லை.

இந்த வருசம் மொன்றியல் கோவாச் சனம் முழுக்கக் கதைத்தது சுக்கொரீனாவின் உப்பைத்தான்.

மார்கழியில் சவேரியார் திருநாள். வந்த சனம் அத்தனைக்கும் பன்றி இறைச்சிக் கறி சமைத்தவள் அவள். வாயில் வைக்க முடியவில்லை, அவ்வளவு உப்பு. கோவாச் சங்கத்து வாட்ஸப்பில் ‘கடல் கறி’ என்று படம் போட்டுச் சிரித்தார்கள். சங்கத்து இணைய வானொலியிலும் ஒரு பகிடி போனது.

“நான் ஒருதரம்தான் போட்டனான்” என்று அவள் சொன்னதை யார் கேட்டார்கள்? அன்றையோடு பூசைக்கு வருவதையும் விட்டுவிட்டாள். இன்றைக்குத்தான் யோசெப்பின் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லி நாடகம் பார்க்க இழுத்து வந்திருந்தாள்.

மேடையில் பாட்டுக்கார அவெலினோ வந்து நின்றான். ட்ரம்பெட் முழங்கியது. கொங்கணியில் முதல் அடி. அதில் ‘சொர்ப்போத்தேல்’ என்ற சொல் மட்டும் யோசெப்பினுக்கு விளங்கியது. அதுதான் அந்தக் கறியின் பெயர்.

மண்டபம் கொல்லென்று சிரித்தது. சுக்கொரீனா எழும்பப் பார்த்தாள்.

“இரு, இரு. என்னவாம்?”

“கறி உப்பாம். சமைச்சவள்...” அவளுடைய கண் விரிந்தது. “சமைச்சவள் அளவாத்தான் போட்டவளாம்! பேந்து ஒருத்தர் குசினிக்குள்ள பூந்தவராம்!”

அவெலினோவின் கை முன்வரிசைக்கு நீண்டது. அங்கே கோட்டும் சூட்டுமாக இருந்தவர் சங்கத் தலைவர் கயித்தான். எழுபதைத் தாண்டிய மனிதர்.

“தலைவர் மூடியைத் திறந்தாராம், நக்கிப் பாத்தாராம், உப்புக் காணாதெண்டு ரெண்டு கையாலயும் அள்ளிப் போட்டாராம்! போட்டிட்டு ஒண்டுமறியாத ஆள் மாதிரிப் போய்ப் பேச்சுப் பேசினாராம். கறியாவது தண்ணியோட இறங்கிச்சுதாம், பேச்சு இறங்கவேயில்லையாம்!”

சொல்லிவிட்டுச் சுக்கொரீனாவே சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாள்!

சனம் கை தட்டித் தட்டி, இன்னொரு தரம் பாடு என்று ஆர்ப்பரித்தது.

யோசெப்பினுக்கோ மனம் ஒப்பவில்லை. அவள் பார்த்தது கயித்தானின் உதட்டை. அது துடித்துக்கொண்டேயிருந்தது. ஐயோ பாவம், அழப்போகிறாரே மனுசன்!

மைக் பூட்ட வந்திருந்த அவளுடைய புருசன் எமிலியானுஸ் பின்னாலிருந்து குனிந்தான்.

“அந்த மனுசனைத்தானே போட்டுக் கிழிக்கிறான்? எங்கட சங்கத்தில இப்பிடிப் பாடியிருந்தா இதுக்குள்ள ரெண்டு சங்கமாப் போயிருக்கும். வாற ஞாயிறு இவையளுக்குத் தேர்தல் வேற. ஆள் துலைஞ்சார்.”

நாடகம் முடிந்ததும் சுக்கொரீனா நேரே தலைவரிடம் போனாள்.

“நீங்கள் தலைவரா இருங்கோ, என்னவாவது இருங்கோ. இனி நான் சமைக்கிற குசினிப் பக்கம் கால் வைக்கக்கூடாது, சொல்லிப்போட்டன்!”

“பிழைதான் அம்மா. மன்னிச்சுக்கொள்ளுங்கோ.” கயித்தான் தலையைக் குனிந்தார்.

அவள் நிமிர்ந்து நடந்து சாப்பாட்டு மேசைக்குப் போனாள். போன வேகத்தில் யாரோ ஒருத்தியின் கையிலிருந்த அகப்பையைப் பறித்து, “இப்பிடியோ கறி போடுறது?” என்று தொடங்கிவிட்டாள். ‘கடல் கறி’ என்று சிரித்தவர்களே கோப்பையோடு வரிசையில் நின்றார்கள்.

யோசெப்பின் கயித்தானுக்குக் கிட்டப் போனாள்.

“மனசில வைச்சிருக்காதேங்கோ அங்கிள். அவனுக்கு வயசு போன ஆக்களை மதிக்கத் தெரியாது.”

அந்த ‘அவன்’, அவெலினோ, வியர்வையைத் துடைத்துக்கொண்டு இங்கிலீசில் கத்தியபடி ஓடி வந்தான்.

“அங்கிள், நடுவில சுத்தமா மறந்துபோச்சு! நல்ல காலம், நீங்கள் முன்னுக்கு இருந்து வாயசைச்சுக் காட்டினீங்கள்.”

“இவ்வளவு நாள் பாடமாக்கியும் மறந்தா எப்பிடியடா? அடுத்த முறை வேற ஆளுக்குத்தான் எழுதிக் குடுப்பன்” என்று சீறினார் கயித்தான்.

யோசெப்பின் வாயைத் திறந்தபடி நின்றாள்.

வயரைச் சுருட்டிக்கொண்டு வந்த எமிலியானுஸ் அவளைப் பார்த்தான். “என்ன, பேயடிச்ச மாதிரி நிக்கிறாய்? அப்பிடி என்னத்தைத்தான் பாடினவன்?”

“திருநாளண்டு அங்கிள் ரெண்டு கையாலயும் உப்பை அள்ளிக் கறிக்குள்ள போட்டவராம்.”

“கறிக்குள்ளயோ?” எமிலியானுஸ் சிரித்து, அங்கிளுக்கும் விளங்க இங்கிலீசுக்கு மாறினான். “அண்டைக்கு விடியத் தொடக்கம் சாப்பாட்டு மணி மட்டும் இவரும் நானுமெல்லே பனி வழிச்சனாங்கள்! இவர் அள்ளிப் போட்ட உப்பு முழுக்கக் கோயில் படியில, ஒருத்தரும் சறுக்கி விழக்கூடாதெண்டு...”

கயித்தான் அவனுடைய தோளைப் பிடித்து அமத்தினார்.

“மெல்லக் கதை தம்பி. அவ இப்பதான் அகப்பையைக் கையில எடுத்திருக்கிறா.”