கட்டில் உயரம்

யாகப்பர் மறுபடியும் கட்டிலில் இல்லை.

தாதி பிரேமினி தலையில் அடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். வேறெங்கே போவார்? கட்டிலுக்குக் கீழே முழங்காலை மடக்கிச் சுருண்டு கிடந்தார். ஆறடி மனுசன். சண்டை முடிந்து இலுப்பைக்கடவையில் மீளக் குடியேறிய கையோடு தோணியை இறக்கிய கடற்காரர்.

இப்படி ஊர்ந்து ஊர்ந்தே வயிற்று ஒப்பரேசனுக்குப் போட்ட இழை ஒருதரம் அறுந்துவிட்டது. இன்னொருதரம் அறுந்தால் ஆள் தப்புவது கஷ்டம் என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

அவளும் என்னதான் செய்யவில்லை! இரண்டு பக்கமும் கம்பியை உயர்த்தினாள். கால்மாட்டால் இறங்கினார். நித்திரைக் குளிசை கொடுத்தாள். கீழே போய் நித்திரை கொண்டார். கட்டிலைத் தன் மேசையடிக்கே இழுத்துப் போட்டாள். சற்றுத் திரும்பினால் போதும், ஆளைக் காணோம்.

கேட்டால் ஒரே பதில்தான். "கட்டில் உயரம், மிஸ்ஸி."

உயரமாம்! இதென்ன மாடிவீடா? சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் நொந்துவிட்டது.

"இராசம்மாக்கா, இந்த மனுசனோட என்னால ஏலாது. கையையும் காலையும் கட்டுவம்."

இருவருமாக அவரைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார்கள். வாட்டு வேலைக்காரி இராசம்மா பண்டேஜ் எடுக்கப் போனாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் தெருவுக்கு அப்பால் அந்தோனியார் கோயில் கொடியேற்றத்துக்கு வெடி கொளுத்தினார்கள். யன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

பிரேமினி கண்ணைத் திறந்தபோது மூக்குக்கு முன்னால் சீமெந்துத் தரை இருந்தது. தலைக்கு மேலே கட்டிலின் துருப்பிடித்த சட்டம். வாய்க்குள் மண் இருக்கிறதா என்று நாக்கால் தடவிப் பார்த்தாள்.

பக்கத்தில் யாகப்பர். எப்போது இறங்கினார் என்று அவளுக்குத் தெரியாது. தன் பெரிய கையை அவளுடைய தலைக்கு மேல் கவிழ்த்துப் பிடித்திருந்தார்.

"நீங்களும் முள்ளிவாய்க்கால் வரைக்கும் போனனீங்களோ, பிள்ளை?"

வேலைக்கு வந்த நாளிலிருந்து இந்த வாட்டில் ஒருவரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

"ஓம்" என்றாள்.

அவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். இழை அறவில்லை.

இராசம்மாவின் கால்கள் கட்டிலருகே வந்து நின்றன. பண்டேஜின் நுனி தரையில் இழுபட்டது.

"அது வேண்டாமக்கா. மெத்தையைக் கீழ போடுங்கோ."

கோயிலில் வெடி இன்னும் முடியவில்லை. பிரேமினி வெளியே வரவில்லை.