ஒற்றனின் கச்சை

புத்தகக் கண்காட்சியில் எங்கள் கடையின் முன்னால், நானே தைத்த பாண்டிய ஒற்றனின் உடையைப் பொம்மைக்கு மாட்டியிருந்தேன். நாளை வெளியாகும் என் சரித்திர நாவலின் கடைசி அத்தியாயத்தில், அந்த ஒற்றன் ரகசிய ஓலையை இடுப்புக் கச்சையின் உள்பையில் ஒளித்துவைக்கிறான். பதிப்பாளரைத் தவிர யாருக்கும் அது தெரியாது. பையைத் தைக்கும்போதுகூடக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

கண்ணாடி போட்ட ஒருவர் நெடுநேரம் பொம்மையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓலைக்குப் பைய இடது பக்கமா வெச்சிருக்கீங்க மேடம்?"

எனக்குத் திக்கென்றது. பதிப்பாளர்தான் எங்கோ உளறியிருக்க வேண்டும்.

"உங்களுக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. பிடிச்சா முதல்ல அங்கதான் தடவுவாங்க. மாத்திடுங்க."

புத்தகம் எதுவும் வாங்காமல் நகர்ந்தார். வெளிவாசலில் நின்ற காவலரைக் கடக்கும்போது மட்டும், கண்ணாடிக்காரரின் கை தன் வலது இடுப்பை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டது.