மஞ்சள் விழுந்தால்

தொழில் வட்டாரத்தில் அவருக்கு மாஸ்டர் என்று பெயர். வண்டி திருட ஆரம்பிப்பதற்கு முன்னால் டிரைவிங் ஸ்கூலில் பாடம் எடுத்தவர். ஸ்கூலை மூடிவிட்டார்கள், பாடம் மட்டும் அவரை விடவில்லை. திருடிய வண்டியிலும் சீட் பெல்ட் போட்டுக்கொள்வார். திரும்புவதற்கு வெகுமுன்பே இண்டிகேட்டர் போடுவார். கூட்டாளிகள் கேலி செய்தால் கோபம் வரும். ஊரிலேயே ஒழுங்காக ஓட்ட வேண்டியவன் திருட்டு வண்டி ஓட்டுகிறவன்தான் என்பது அவர் கட்சி.

அன்று மத்தியானம் ஹார்டுவேர் கடை வாசலில் ஒரு பிக்கப் வேன், இன்ஜின் ஓடியபடி, ஆளில்லாமல் நின்றது. அதன் டிரைவர் சற்றுத் தள்ளி முதுகைக் காட்டிக்கொண்டு செல்போனில் யாருடனோ சண்டை போட்டுக்கொண்டிருந்தான். வேனை ஒட்டினாற்போல் பின்னால் ஒரு பழைய கார். அதில் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி ஒரு வழுக்கைத்தலை உட்கார்ந்திருந்தது. இடம் காலியாவதற்குக் காத்திருக்கிறது போலும், நம்மால் ஆன உபகாரம் என்று நினைத்தபடி மாஸ்டர் வேனில் ஏறி கியரைப் போட்டார்.

வேனுக்கு உடம்பு சரியில்லை. அழுத்தி மிதித்தால்தான் நகர்ந்தது. பின்பக்கம் முழுக்கத் தார்ப்பாய் போட்டு மூடிய சரக்கு. "கிளட்சக் கொன்னு வெச்சிருக்கான், பாவி" என்று முகம் தெரியாத சொந்தக்காரனைத் திட்டிக்கொண்டே மெயின் ரோட்டில் ஏறியவர், பக்கக் கண்ணாடியைப் பார்த்தார்.

அதே கார். அதே வழுக்கை.

மாஸ்டருக்கு மனைவியின் ஞாபகம் வந்தது. போன தடவை ஜெயிலிலிருந்து திரும்பிய அன்றே முடிவாகச் சொல்லியிருந்தாள். "இன்னொரு தடவ அந்த மாமியார் வீட்டுக்குப் போனீங்க, நான் பாப்பாவத் தூக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் நீங்க எந்த மாமியார் வீட்டு வாசல்ல நின்னாலும் எனக்கென்ன." சொன்னால் செய்கிற பெண்.

பின்னால் வருகிறவன் யாரென்று சோதித்துப் பார்க்க மாஸ்டருக்கு ஒரு வழி தெரியும். மஞ்சள் விளக்கு. ஸ்கூலில் அவர் நாள்தோறும் ஒப்பித்த பாடம் அது. மஞ்சள் என்பது சீக்கிரம் ஓடிவிடு என்ற அழைப்பு இல்லை. கோட்டுக்கு முன்னால் பத்திரமாக நிறுத்த முடிந்தால் நிறுத்து. நிறுத்த முடியாத அளவுக்குக் கிட்டே வந்துவிட்டாயா, தடுமாறாமல் கடந்து போ. எதைச் செய்தாலும் முதலில் பின்னால் வருகிறவனைக் கண்ணாடியில் பார்.

முதல் சிக்னலில் மஞ்சள் விழுந்தபோது கோடு தள்ளி இருந்தது. முறைப்படி நிறுத்தினார். பக்கத்து லேன் காலியாகக் கிடந்தும் கார் முந்திக்கொண்டு போகவில்லை. அவர் முதுகிலேயே வந்து நின்றது. ஹாரன்கூட அடிக்கவில்லை. அந்த அமைதிதான் அவரைக் கலக்கியது.

இரண்டாவது சிக்னலிலும் தாராளமாக நிறுத்தியிருக்கலாம். மாஸ்டர் வாழ்க்கையில் முதல் தடவையாக மஞ்சளைப் பார்த்து ஆக்ஸிலேட்டரை மிதித்தார். மஞ்சளின் கடைசி மூச்சில் வேன் கோட்டைத் தாண்டியது. இனி அந்தக் கார் சிவப்பில் நின்றே ஆகவேண்டும்.

நிற்கவில்லை. நாலாபக்கமும் ஹாரன்கள் அலற, சிவப்பில் புகுந்து வந்தது. வழுக்கைத்தலை ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, நிறுத்து நிறுத்து என்று ஆட்டியது.

மூன்றாவது சிக்னலிலும் அதே கதை. குறுக்கே வந்த லாரி ஒன்று கிறீச்சிட்டு நின்றது. கார் அதையும் சட்டை செய்யவில்லை. சிவப்பு விளக்கை இவ்வளவு அலட்சியமாகத் தாண்ட ஒரே ஒரு டிபார்ட்மெண்டால்தான் முடியும் என்பது மாஸ்டருக்கு உறைத்தது. ஓடுகிற இன்ஜின், ஆளில்லாத வேன், பின்னாலேயே காத்திருந்த ஒரு கார். தூண்டிலில் புழுவைக் கோத்து வைத்திருக்கிறார்கள். வாயைப் பிளந்துகொண்டு போய்க் கவ்வியிருக்கிறார்.

பிடிபடுவதற்கும் தானாகப் போய் நிற்பதற்கும் வித்தியாசம் உண்டு. ஒப்புக்கொண்டால் தண்டனை குறையலாம். திருந்திவிட்டேன் என்று மனைவி முன்னால் முகத்தையாவது காட்டலாம். வேனை நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு விட்டார். வாசலில் நிறுத்தி இறங்கியவருக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கத் துணிவு வரவில்லை. குனிந்த தலை நிமிராமல் உள்ளே போனார்.

ஏட்டு பேனா மூடியால் காது குடைந்துகொண்டிருந்தார்.

"சார், இனிமே தொரத்த வேணாம். நானே வந்துட்டேன்" என்று தொடங்கிய மாஸ்டர், வேனை எடுத்த கதையை ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லச் சொல்ல மனசு லேசாகவே, போன மாதம் எடுத்த இரண்டு கார்களையும் அவை இப்போது யாரிடம் இருக்கின்றன என்பதையும் சேர்த்தே சொல்லிவிட்டார்.

ஏட்டு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, கையெழுத்தும் வாங்கிக்கொண்டு நிமிர்ந்தார். "அது சரி, தொரத்துனது யாரு? ஜீப்புக்கு டீசல் இல்லாம காலையிலேர்ந்து நாங்களே இங்கதான் உக்காந்திருக்கோம்."

"மப்டியில ஒருத்தர் சார். வழுக்கை."

"எங்க ஸ்டேஷன்ல எல்லாருக்கும் முடி இருக்கேய்யா."

அப்போது வாசலில் நிழலாடியது. வியர்வையில் தொப்பலாக நனைந்து, இவ்வளவு நேரம் காரிலேயே மூச்சு வாங்கிவிட்டு வந்த வழுக்கைத்தலை, ஏட்டு பக்கமே திரும்பாமல் மாஸ்டரின் சட்டையைப் பிடித்தது.

"ஏன்யா, மஞ்சள் விழுந்தா நிறுத்தணும்னு உனக்கு யாருமே சொல்லித்தரலையா? நீ மஞ்சள்ல போனா, நீ கயித்துல கட்டி இழுத்துட்டு வர்ற என் ரிப்பேர் காரு சிவப்புலதானேய்யா வரும்."